பல்லு மொளைக்காத புள்ள

போட்டோ எடுக்காத தாயி. ஒன்னையத்தான் சொல்றேன், கேமராவக் கீழ எறக்கு. அங்கிட்டு இரும்பு வாளு இருக்கு, சங்கு வளையல் இருக்கு, ஆள் ஒசரத்துக்குப் பெரிய தாழி நிக்குது. அது எல்லாத்தையும் எடுத்துக்க, ஒருத்தரும் கேக்க மாட்டாக. இந்தச் சின்னத் தாழிய மட்டும் விட்டுரு. பளிச்சுப் பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சா தூங்குற புள்ள முழிச்சுக்கிறாதா?

சிரிக்காத. வாசல்ல இருக்கானே வாட்ச்மேன், அவனும் மொதல்ல சிரிச்சான். இப்பச் சிரிக்கிறதில்ல. என்கிட்ட டிக்கெட்டும் கேக்குறதில்ல. பயம். தமயந்தி மேடம்னு ஒருத்தி, இந்தச் சாமான் அம்புட்டையும் தோண்டி எடுத்தவ, அவ சொல்லி வச்சிருக்காளாம். "அந்தம்மா வந்தா உள்ள விடுங்க, நாற்காலி போட்டுக் குடுங்க"ன்னு. நாற்காலி குடுத்துட்டா என் வாயி அடைச்சுப் போகும்னு நெனப்பு. இந்தா, நீயும் ஒக்காரு. நின்னுக்கிட்டே கேக்குற கதை இல்ல இது.

எனக்கு ஆவரங்குடி. பேரு முத்திருளாயி. இங்க கண்ணாடிக்குள்ள இருக்கிறதெல்லாம் எங்க ஊரு தாழிமேட்டுல எடுத்தது. ஊருக்கு மேக்க மண்ணு குமிஞ்சு கெடக்கும், ஆடு மேய்ப்போம், வெறகு பெறக்குவோம். கால வச்சா ஓடு குத்தும். ஆதியில செத்தவுகளப் பானையில வச்சுப் பொதச்ச எடம்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் அதப் பெருசா நெனச்சதில்ல. செத்தவன் செத்தான், பானை கெடக்குது, அம்புட்டுத்தான்.

பைபாஸ் ரோடு போட்ட மறு வருசம் தொல்லியல் ஆளுக வந்தாக. கூலிக்கு ஆள் கேட்டாக, நானும் போனேன். மண்ணு செமக்குற வேலை, சலிக்கிற வேலை. ஒன்னு சொல்றேன், அவுக தோண்டுறதப் பாத்தா உனக்கும் சிரிப்பு வரும். கயிறு கட்டிக் கட்டம் போட்டு, குட்டிக் கரண்டிய வச்சுக்கிட்டு, காதுக் குறும்பி எடுக்குற மாதிரி சொரண்டுவாக. அப்பறம் பிரஷ்ஷால தட்டுவாக. நாங்க ஒரு காலையில வெட்டிப் போடுற மண்ண அவுக ஒரு மாசம் தடவிக்கிட்டே இருப்பாக. அந்த மேடம் இருக்காளே, தொப்பியப் போட்டுக்கிட்டு வெயில்ல குப்புறப் படுத்துக் கெடப்பா. "பெரியம்மா, மெதுவா, மெதுவா"ம்பா. அவ கொரல் இன்னும் என் காதுல கேக்குது. மெதுவாவாம். என் புள்ளைய எடுக்கிறப்ப மட்டும் அந்த மெதுவு எங்க போச்சு?

இரு, தலையும் வாலும் இல்லாமச் சொல்றேன். மொதல்ல இருந்து வாரேன்.

எனக்குக் கல்யாணமாகி மறு வருசமே வயித்துல தங்கிருச்சு. மாசி மாசம், பேறுகாலத்துல ஜன்னி கண்டு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்து, நெனவு தப்பிருச்சு. பெரியாசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாகளாம். நான் கண்ணு முழிக்கிறேன், வயிறு வத்திக் கெடக்கு, பக்கத்துல ஒன்னும் இல்ல. எங்க மாமியா என் மாருல மல்லியப்பூவ வச்சுத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு இருக்கா. எதுக்குத் தெரியுமா? பால் வத்துறதுக்கு. அதுக்கு மேல வாயத் தொறந்து யாரு என்ன சொல்லணும்? பூ வாசத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னையிலருந்து நான் தலையில மல்லியப்பூ வைக்கிறதில்ல.

புள்ள ரெண்டு நாள் உசுரோட இருந்துச்சாம். நான் பாக்கல. என்ன புள்ளைன்னு கேட்டேன். "தெரிஞ்சு என்ன செய்யப் போற, கெட"ன்னா மாமியா. எங்க வச்சீகன்னு வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். அவரு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு.

எங்க பக்கத்துல அப்படி ஒரு வழக்கம் தாயி. பல்லு மொளைக்காத புள்ள செத்தா சுடுகாட்டுக்குக் கொண்டு போக மாட்டாக. கொட்டு கெடையாது, சங்கு கெடையாது. பெத்த தகப்பன் ஒத்தையில தூக்கிட்டுப் போயி எங்கனயாச்சும் பொதச்சுட்டு, குளிச்சுட்டு வீட்டுக்கு வந்துரணும். எந்த எடம்னு பெத்தவகிட்ட மட்டும் சொல்லவே கூடாது. சொன்னா அவ அங்கனயே போயி ஒக்காந்து அழுவாளாம். அந்த அழுகை போன புள்ளையக் கட்டிப் போட்டுருமாம், அது திரும்ப அவ வயித்துக்கு வராதாம். அடுத்தது தங்கணும்னா எடத்தச் சொல்லக் கூடாது.

சரி, சொல்லல. அடுத்தது எங்க? நீயே சொல்லு, எங்க வந்துச்சு? ஒன்னும் வரல. வழக்கமும் போச்சு, புள்ளையும் போச்சு, எடமும் போச்சு. வழக்கத்தக் கொண்டு போயி ஒலையில போட.

அந்த மனுசன் இருக்காரே, புருசன் பேரச் சொல்லக் கூடாதும்பாக, எனக்கு இருக்கிற ஆத்திரத்துல சொல்லிர்றேன், சேவுகன். சரியான கல்லுளிமங்கன். நான் அழுதாலும் பேச மாட்டாரு, வைதாலும் பேச மாட்டாரு. எருமை மேல மழை பேஞ்ச கணக்கா நிப்பாரு. இந்தாளு நெஞ்சுல ஈரம்னு ஒன்னு இருக்கான்னு எனக்குச் சந்தேகம் உண்டு. பெத்த புள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்தவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாத்ததில்ல.

ஆனா புத்துக்குப் பால் ஊத்துவாரு. இதக் கேளு. கோயில் வாசல மிதிக்காத ஆளு, திருநீறு குடுத்தா சட்டைப்பையில போட்டுக்குற ஆளு, மாசி மாசம் வந்தா மட்டும் செம்பு நெறையாப் பாலத் தூக்கிக்கிட்டுக் கம்மாக்கரைப் புத்துக்குப் போயிருவாரு. வருசம் தவறாது. வீட்டுல டீக்குப் பால் இருக்காது, பாம்புக்கு மட்டும் செம்பு நெறையா. "பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டு எறங்கல, பாம்புக்கு ஊத்துறியா"ன்னு ஒருக்க நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டேன். செம்பக் கவுத்தி வச்சுட்டுப் படுத்துட்டாரு.

பைபாஸுக்காக அந்தக் கரைய ஒடைக்க வந்தாக. புத்து, கருவேலம், எல்லாத்தையும் வழிச்சு நெரவுனாக. இந்தாளு என்ன செஞ்சாருங்கிற? பொக்லைனுக்கு முன்னாடி போயி நின்னுட்டாரு. ஊரே கூடி வேடிக்கை பாத்துச்சு. ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாக. அப்பறம் ஒரு வாரம் செவுத்தப் பாத்துப் படுத்தவருதான், கஞ்சி தண்ணி இல்ல. நாட்டுல நெலம் போச்சுன்னு அழுதவன் உண்டு, கெணறு போச்சுன்னு அழுதவன் உண்டு. புத்து போச்சுன்னு படுத்த ஆம்பளைய நீ பாத்திருக்கியா? எனக்குத் தெருவுல தலை காட்ட முடியல.

சரி, தாழிமேட்டுக்கு வாரேன். பெரிய தாழி ஒன்னு எடுத்தாக, அதுக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இந்தச் சின்னது. மேல சட்டி கவுத்தியிருந்துச்சு. மேடம் படுத்தபடியே பிரஷ்ஷால தட்டித் தட்டி, சட்டிய நீக்கிப் பாத்தா. அப்பறம் எந்திரிச்சு, தொப்பியக் கழட்டிட்டு, "இது கொழந்தையோடது"ன்னா. துப்பட்டாவ எடுத்துத் தாழி மேல போத்திட்டு, அன்னைக்கு வேலைய நிறுத்திட்டா. வெயில் பட்டா எலும்பு உதுந்துருமாம், அதுக்குப் போத்துனாளாம். நான் கூடையோட அங்கனயே நின்னேன்.

வீட்டுக்கு வந்து அவருகிட்டச் சொன்னேன். சின்னத் தாழி, பச்சப் புள்ளையாம், இப்படி முட்டிய மடக்கி வச்சிருக்காகன்னு. அவரு கையில எடுத்த சோத்தத் தட்டுலயே போட்டுட்டாரு. "எந்தப் பக்கம்"னாரு. அம்புட்டுத்தான் கேட்டாரு. மறுநா விடியமுன்ன எந்திரிச்சுத் தாழிமேட்டுக்குப் போயி, கயிறு கட்டியிருக்கிற எடத்துல நிக்கிறாரு. தாழிமேட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காத மனுசன்! நான் பின்னாலயே போயிக் கேட்டேன். "இங்கனதான் வச்சியா? இதுதானா?" வாயத் தொறக்கல. "சொல்லு, இதுதானா?" என்னையப் பாத்தாரு, கீழ பாத்தாரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அதுக்கு என்ன அர்த்தம்? மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாக. இல்லைன்னா இல்லைன்னு சொல்ல என்ன கேடு?

அன்னைக்கு நான் குழிக்குள்ள எறங்கி ஒக்காந்துட்டேன். தாழியக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். இது என் புள்ளை, யாரும் தொடக் கூடாதுன்னுட்டேன். பஞ்சாயத்துத் தலைவரு வந்து வைதாரு, போலீசுக்குச் சொல்லுவேன்னாரு. மேடம் அவர அனுப்பிச்சுட்டு, அவளும் குழிக்குள்ள எறங்கி எனக்கு எதுக்க ஒக்காந்தா. பிளாஸ்க்ல இருந்து டீய ஊத்திக் குடுத்தா. டீயக் குடுத்து மயக்கப் பாக்குறா, நான் குடிப்பனா? ஆறுனப்பறம்தான் குடிச்சேன். "பெரியம்மா, இந்தக் கருப்புஞ் செவப்புமா இருக்கிற பானைய ரெண்டாயிரம் வருசமா யாரும் செய்யுறதில்ல"ன்னா. நான் விடல. "கெடந்த பழைய பானைய எடுத்து அவரு வச்சிருப்பாரு, ஒனக்கென்ன"ன்னேன். "எலும்பு பொடிஞ்சுபோயிருக்கு, ரொம்ப ரொம்பப் பழசு"ன்னா. "பச்சப் புள்ள எலும்பு, பொடியாம இரும்பாவா இருக்கும்"னேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்தா. கண்ணுல தூசி போலருக்கு.

பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு பேரும் குழிக்குள்ளயே இருந்தோம். கடைசியில சொன்னா, "ஒங்க வாயில இருந்து பஞ்சுல தொட்டு எச்சி எடுத்து அனுப்புவோம். எலும்பையும் அனுப்புவோம். ஒங்க புள்ளைதான்னு வந்தா, நானே என் கையால ஒங்க மடியில வைக்கிறேன்"னு.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். என்னடி பேச்சு இது? பெத்தவ நான் சொல்றேன், அதுக்குப் பஞ்சு வந்து சாட்சி சொல்லணுமா? மாட்டேன்னுட்டேன். ரெண்டு வாட்டி வீட்டுக்கே வந்து கேட்டா. அவளக் கண்டதும் கதவச் சாத்துனேன். ஏன் தாயி அப்படிப் பாக்குற? நான் என்ன பயந்துக்கிட்டா குடுக்கல? எனக்கு என்ன பயம்? அவுக எழுதிக் குடுக்குற ஒரு தாளுல "இல்ல"ன்னு வந்துட்டா மட்டும் என் புள்ள இல்லைன்னு ஆயிருமா? அதான் குடுக்கல. பயமெல்லாம் ஒன்னும் இல்ல.

பெறகு இந்தக் கட்டடத்தக் கட்டுனாக, இங்க கொண்டாந்து வச்சாக. எங்க மாமியா போயிச் சேந்துட்டா, இல்லைன்னா அவளையும் இழுத்துட்டு வந்து காட்டியிருப்பேன். அப்பறம் அட்டையில என்ன எழுதியிருக்கு, படி. எனக்கு வாட்ச்மேன் படிச்சுக் காட்டுனான். "குழந்தைத் தாழி. ஆணா பெண்ணா எனத் தெரியவில்லை." தெரியலையாமே! இம்புட்டுப் படிச்ச படிப்புக்கு ஆணா பொண்ணான்னு தெரியலையாமே! ஆம்பளப் புள்ளன்னு எழுதுன்னு சண்டை போட்டேன். எப்படித் தெரியும்னு கேட்டா மேடம். வயித்துல வலது பக்கமாத்தான் ஒதைக்கும், ஆம்பளப் புள்ளைதான்னேன். அட்டைய மாத்தல. ஆனா மேல பளீர்னு எரிஞ்ச லைட்ட அணைக்கச் சொன்னேன், அத மட்டும் அணைச்சுட்டா. பாரு, இந்தப் பொட்டிக்கு மட்டும் வெளிச்சம் கம்மி. கல்நெஞ்சக்காரி, புள்ளையக் குடுன்னா லைட்ட அணைக்கிறா.

வாரா வாரம் வந்துருவேன். ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பேன். வெயில் எப்படி, ஆடு எப்படி, என்ன கொழம்புன்னு சொல்லுவேன். என் ராசா, என் ராசான்னு கூப்புடுவேன். வேற என்ன பேரு வைக்க எனக்கு விட்டாக?

போன மாசம் அவர இழுத்துட்டு வந்தேன். வர மாட்டேன்னாரு. வந்து ஒன் புள்ள மொகத்துல முழி, இல்லைன்னா இன்னையோட நான் ஒனக்குச் சோறாக்கலன்னேன். வந்தாரு. செருப்ப வாசல்லயே கழட்டிட்டாரு, இங்க யாரும் கழட்டுறதில்ல. இந்தா, நீ ஒக்காந்திருக்கியே, இங்கனதான் நின்னாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நான் பாட்டுக்குக் கண்ணாடியத் தடவிக்கிட்டு, "என் ராசா, யாரு வந்திருக்கா பாரு, ஒங்கய்யா வந்திருக்காரு பாரு ராசா"ன்னேன்.

"ராசான்னு சொல்லாத"ன்னாரு.

திரும்பிப் பாக்குறேன், அவரு மொகம் கோணிக்கிட்டுப் போகுது. "அது பொம்பளப் புள்ள முத்திருளு. ஒன் மூக்கு. நெத்தியில சுருட்டை முடி. ரெண்டு நாளும் என் மடியிலதான் கெடந்துச்சு, என் வெரலப் புடிச்சுக்கிட்டு. ராசான்னு சொல்லாத"ன்னாரு.

இத்தன வருசமும் சேத்து வச்ச பேச்ச அந்த ஒரு மூச்சுல கொட்டுனாரு தாயி. அப்பறம் சொல்றாரு, இது இல்லையாம். பானையிலயே வைக்கலையாம். தன் வேட்டியக் கிழிச்சுச் சுத்தி, கம்மாக்கரையில கருவேலத்துக்கு அடியில வச்சாராம். மறு வருசம் போயிப் பாத்தா அந்த எடத்துல புத்து கெளம்பியிருந்துச்சாம். நல்லதாப் போச்சு, இனி யாரும் அங்கன மம்பட்டி வைக்க மாட்டாகன்னு, வருசா வருசம் பால் ஊத்திட்டு வந்தாராம்.

"அன்னைக்கு மேட்டுல வச்சு நான் கேட்டனே, ஏன்யா இல்லைன்னு சொல்லல"ன்னு சட்டையப் புடிச்சுட்டேன், இந்த எடத்துலயே. வாட்ச்மேன் ஓடியாந்தான். அவரு என் கைய எடுத்து விடல. "நீ தேடிக் கண்டுபுடிச்சுட்ட மாதிரி மொகத்த வச்சிருந்த. கெடக்கட்டும், ஏதாச்சும் ஒன்னு ஒனக்குக் கெடைக்கட்டும்னு விட்டுட்டேன்"னாரு. "அதுக்கு இப்ப ஏன் சொன்ன"ன்னேன். "பொம்பளப் புள்ளைய ராசாங்கிற. அவளுக்கு யாரக் கூப்புடுறன்னு தெரியாதுல்ல"ன்னாரு.

பொய் தாயி. பச்சப் பொய். பொம்பளப் புள்ளைங்கிறது நெசமா இருக்கும், அதுல பொய் சொல்ல மாட்டாரு, அவரு மொகத்தப் பாத்தேன். ராசாத்தின்னுதான் இப்பக் கூப்புடுறேன். அட்டையிலயும் பொம்பளப் புள்ளன்னு எழுதணும்னு மேடத்துக்கிட்டப் புதுசாச் சண்டை ஆரம்பிச்சிருக்கேன். ஆனா கம்மாக்கரைங்கிறாரே, அது பொய். கம்மாக்கரைன்னா அதுக்கு மேலதான இப்ப பைபாஸ் போகுது? தாரு ஊத்தி, ரோலர ஓட்டி, லாரியும் பஸ்ஸும் ராத்திரி பகலா ஏறி எறங்குதே. அதுக்கடியிலயா என் புள்ள கெடக்கும்? இங்கன இருக்கு. ஏசி இருக்கு, கண்ணாடி இருக்கு, நாலு ஊருச் சனம் வந்து குனிஞ்சு பாத்துட்டுப் போகுது. இந்தப் பொட்டியில இல்லைன்னா நான் எங்கன போயி ஒக்காருவேன், சொல்லு?

அந்த மனுசனும் இப்ப வாராரு. உள்ள வர மாட்டாரு, வாசல்ல ஒக்காந்திருப்பாரு. இன்னைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு வரல. அவருகூட நான் பேசுறதில்ல. சோறு மட்டும் வைக்கிறேன். வைக்கிறப்ப, சுருட்டை முடின்னியே, ரொம்பவா, கொஞ்சமான்னு கேப்பேன். அத மட்டும் சொல்லுவாரு. அதுக்கு மேல பேச்சு கெடையாது.

மணி அடிக்கிறான், பூட்டப் போறான். எந்திரி, போவோம். என்ன, கார் நிக்குதா? ஆவரங்குடியில எறக்கி விடுறியா? நல்லா இருப்ப. வேணாம் தாயி. ஒன் கார் பைபாஸ் வழியாத்தான் போகும். நான் பஸ்ஸுல போயி, பைபாஸ் ஏறுறதுக்கு முன்னாடியே சத்திரத்துல எறங்கி, வரப்புல சுத்தி நடந்து போயிருவேன். ஆமா, தூரந்தான். முட்டி வலிக்கத்தான் செய்யும். இல்ல, ரோடு நல்ல ரோடுதான். வழுவழுன்னு, காருல போனா அலுங்காது.

அதுக்கில்ல. சும்மாதான். நான் அந்த ரோட்டு மேல போறதில்ல.